தாளுருவமும் ஓவிய மரபும்



தாளில் வெட்டிய உருவங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியே படம்பிடித்து, அவை தாமே இயங்குவன போலத் திரையில் காட்டும் கலை வெட்டுருவ அசைவுப்படம் எனப்படும். அதில் இறங்குவோர் முன் எழும் முதல் வினா, எந்த ஓவிய மரபைத் துணைக்கொள்வது என்பதாகும். கண்ணைக் கவர்வது எதுவாயினும் பொருந்தும் என்பார் பலர். அது பொருந்தாது.

தாளுருவத்திற்கு இயல்பாகவே மூன்று குறைகள் உண்டு. அதற்குத் திரட்சி இல்லை. முகத்தைத் திருப்ப வேண்டுமாயின் வேறொரு முகம் வெட்ட வேண்டும். மூட்டு வைத்த இடத்தில்தான் அது வளையும். இக்குறைகளையே இலக்கணமாகக் கொண்டு வாழ்ந்த மரபு எதுவோ, அதுவே தாளுருவத்திற்கு உற்ற துணை. இதற்கு இரண்டு படங்கள் சான்றாகும்.

பெர்லினில் 1899-இல் பிறந்தவர் லோட்டே ரைனிகர். சீன நிழற்கூத்தில் இளமையிலேயே ஈடுபாடு கொண்டவர். ஆயிரத்தோர் இரவுக் கதைகளைத் தழுவி, 1923 முதல் மூன்றாண்டுகள் கணவர் கார்ல் கோக் முதலியோருடன் உழைத்து, 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' என்னும் படத்தை 1926-இல் வெளியிட்டார். எஞ்சியுள்ள முழுநீள அசைவுப்படங்களுள் மிகப் பழையது அதுவே. கரிய அட்டையும் மெல்லிய ஈயத்தகடும் கொண்டு உருவங்களை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கண்ணாடிப் பலகைமேல் கிடத்திக் கீழிருந்து ஒளி பாய்ச்சினார். நிழலுக்கு முகக்குறிப்பு இல்லை. ஆதலின் துயரம் தோளின் சரிவிலும், வேட்கை விரலின் நீட்சியிலும் குடியேறின. நம் தோற்பாவை, வண்ணத்தோலின் ஊடே ஒளி கசிய மிளிர்வது. ரைனிகரின் உருவமோ ஒளியை முற்றும் மறித்து நிற்பது. எனினும் பக்கத்தோற்றமும் மூட்டசைவுமே மொழி என்னும் விதி இரண்டிற்கும் பொது.

இரண்டாவது படம் உருசிய நாட்டில் 1971-இல் இவான் இவானோவ்-வானோவும் யூரி நோர்ஸ்டைனும் உருவாக்கிய 'கெர்ஷெனெட்சுப் போர்'. ரிம்ஸ்கி-கோர்சகோவின் இசைக்கு இயைய அமைந்த இக்குறும்படத்திற்கு அவர்கள் தேர்ந்தவை 14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரையிலான உருசியத் திருவுருவப் படங்களும் சுவரோவியங்களும் ஆகும். அவ்வோவியங்கள் கண்ணை மயக்கும் ஆழத்தை நாடுவதில்லை. முகங்கள் அமைதி காக்க, கையின் சைகையே பேசும். தாளுருவம் அங்கே தன் தாய்வீட்டை அடைந்தது. போர்க்களத்தின் அவலம், அசையாத அம்முகங்களாலேயே மிகுந்தது.

ஆகவே படம் எடுக்க விழைவோர், விரும்பிய மரபில் ஓர் உருவத்தை மட்டும் முதலில் வெட்டி, அதன் கையை உயர்த்திப் பார்த்தல் நலம். உயர்ந்த கை அம்மரபின் கையாகவே தோன்றினால் தேர்வு சரி. ஒட்டவைத்த கையாகத் தோன்றினால், அழகு எத்துணையாயினும் அதனை விடுத்தல் வேண்டும்.

கவிஞர்க்கும் இதில் பங்கு உண்டு. சப்பானியக் குறுங்கவிதையைப் பற்றிப் பாரதியார் 1916-இல் தமிழர்க்கு எடுத்துரைத்தார். பின்னர் வந்தோருள் மூன்றடியை மட்டும் கடன்கொண்டு, அவ்வடிவைப் பெற்றெடுத்த சொற்செறிவை விட்டவர் பலர். மரபின் உருவைப் பெறுவது எளிது. அதன் கட்டுப்பாட்டையும் உடன் ஏற்றாலன்றி அவ்வுரு அசையாது.