நகரத்தின் பொது மேசை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குப் பிடித்த சென்னை உணவகங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். காப்பியமும் கவிதையும் பேசப்படும் மேடையில் இட்டலிக்கும் சாம்பாருக்கும் என்ன வேலை எனச் சிலர் புன்னகைக்கலாம். ஆனால் பசிப்பிணி தீர்ப்பதையே பேரறமாகப் பாடிய மணிமேகலை பிறந்த மொழி நம்முடையது. ஆகவே தயக்கமின்றித் தொடங்குகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில். அங்கு ஒருபுறம் பார்த்தசாரதி கோயில். மறுபுறம் வாலாஜா பள்ளிவாசல். இடையில் ஊர்விட்டு வேலை தேடி வந்த இளைஞர்கள் தங்கும் மேன்ஷன்கள். அந்த அறைகளில் அடுப்பு கிடையாது. எனவே அவர்களுக்கு உணவகமே வீட்டுச் சமையலறை. இந்தத் தேவைதான் எங்கள் பகுதியை உணவகங்களின் பேட்டையாக ஆக்கியது.

முதலில் ரத்னா கபேயைச் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் நடந்துவரும் கடை. அதைத் தொடங்கியவர்கள் வடநாட்டு மதுராவிலிருந்து வந்த குடும்பத்தினர். அங்கே இரண்டு இட்டலி கேட்டால், அவை சாம்பாரில் மூழ்கியே வரும். தட்டில் சாம்பார் குறையக் கண்டால், பரிமாறுபவர் கையில் குவளையோடு வந்து மேலும் ஊற்றுவார். வடநாட்டார் தொடங்கிய கடையின் சாம்பாரைத் தமிழர்கள் தேடிச் சென்று உண்கிறோம். கலந்து பழகுவதன் சுவையை எனக்கு முதலில் உணர்த்தியது அந்தத் தட்டுதான்.

அடுத்து, அதே பகுதியிலுள்ள காசி விநாயகா மெஸ். முதலில் பணம் செலுத்தி டோக்கன் பெற வேண்டும்; முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தலைமைச் செயலக ஊழியர், கிரிக்கெட் பார்க்க வந்தவர், நேற்றுதான் ஊரிலிருந்து வந்திறங்கிய பட்டதாரி ஆகிய எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். செல்வாக்கால் அந்த வரிசையை முந்த முடியாது. இடம் கிடைத்ததும் முன்பின் அறியாதவரின் எதிரில் அமர்ந்து உண்போம். "அந்த மோரைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்" என்பதே அறிமுகம், அதுவே விடைபெறுதலும்.

மயிலாப்பூர் அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ் வேறு வகை. மிகச் சிறிய இடம். காலையில் சென்றால் வாசலில் நின்று, உள்ளே உண்பவர் எழுவதற்காகக் காத்திருக்க வேண்டும். இட்டலி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி என்று பட்டியல் சுருக்கமானது. சில செய்வோம், அவற்றைச் சரியாகச் செய்வோம் என்னும் அடக்கத்தை அங்கே கண்டேன். எழுதுகிறவர்களுக்கும் அது நல்ல பாடம்.

அண்ணா சாலையில் 1951-இல் திறக்கப்பட்ட புகாரி உணவகத்தையும் விட்டுவிட இயலாது. சிக்கன் 65 என்னும் பண்டம் 1965-இல் தம் சமையலறையில் பிறந்ததாக அவ்வுணவகத்தார் கூறுவர். என்னை ஈர்த்தது அதன் தேநீரும் சமோசாவும். வீட்டில் வெங்காயத்தைக்கூடச் சமைக்காத என் நண்பர் ஒருவர், அங்கே பிரியாணி உண்பவரின் அருகில் அமர்ந்து தேநீர் அருந்துவார். இருவருக்கும் இடையே ஒரு முழ அகலமுள்ள மேசை மட்டுமே இருந்தது. அந்த ஒரு முழத்தைக் கடக்க இந்த நகரத்திற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத்தான் இன்று சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

நண்பர்களே, நம் மரபில் சோறு இடுவது அறம். சோறு விற்பதோ உயர்வாக எண்ணப்படவில்லை. விருந்தோம்பலைப் போற்றிய வீடுகளிலும் யாரைத் திண்ணையோடு நிறுத்துவது, யாரைக் கூடத்தில் அமர்த்துவது என்னும் கணக்கு இருந்தது. சத்திரங்கள் பலவற்றிலும் பந்திகள் சாதி பார்த்தே அமைந்தன. காசு கொடுத்து உண்ணும் இடமாவது இந்தக் கணக்கை உடைத்திருக்க வேண்டும். ஆனால் தொடக்கத்தில் அதுவும் உடைக்கவில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் காபி கிளப்புகளின் பெயர்ப்பலகைகளில் "பிராமணாள்" என்னும் சொல் இடம்பெற்றது. தொடர்வண்டி நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று பிரித்திருந்தார்கள். தொடர்ந்து எழுந்த எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் தென்னிந்திய ரயில்வேயில் அது நீங்கியது.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழையவிடாமல் தடுத்தல் ஆகாது என அது கூறுகிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், காயம் எவ்வளவு ஆழமானது என்பதை உணரலாம்.

சட்டம் வந்தபின்னும் பலகைகள் உடனே இறங்கிவிடவில்லை. எங்கள் திருவல்லிக்கேணியிலேயே முரளி கபே என்னும் உணவகத்தின் முன் 1957-இல் பெரியார் மறியல் போராட்டத்தைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் வந்து நின்றார்கள், கைதானார்கள். மாதக்கணக்கில் நீண்ட அப்போராட்டம், அடுத்த ஆண்டு அந்தச் சொல் பலகையிலிருந்து நீங்கியபின் முடிந்தது. அப்போராட்டத்தைப் பற்றி அன்றும் இன்றும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் நாம் இன்று எந்தப் பலகையையும் பார்க்காமல் எந்தக் கடைக்குள்ளும் நுழைகிறோமே, அந்த இயல்பு தானாக வந்ததன்று. நம் முன் வைக்கப்படும் ஒவ்வொரு தட்டின் பின்னாலும் வெயிலில் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

பெண்களின் நிலையும் எண்ணிப் பார்க்கத் தக்கது. என் அன்னையார் முதன்முதலில் உணவகத்தில் உண்டபோது அவருக்கு ஐம்பது வயது. அதுவும் மரத்தடுப்பும் திரையும் போட்ட குடும்ப அறையில். வெளியே வந்தபின், "இன்னொருவர் சமைத்து, நான் உட்கார்ந்து சாப்பிட்டது இன்றைக்குத்தான்" என்றார். சுவையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உணவகத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதற்கு இணையானது வேறில்லை.

அமர்தல் என்றதும் கதீட்ரல் சாலையிலிருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நினைவுக்கு வருகிறது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து உழைப்பால் உயர்ந்த கிருஷ்ணராவ் அவர்கள் 1962-இல் அதைத் தொடங்கினார். மரங்கள் அடர்ந்த தோட்டம். காரில் வந்தவர்க்குக் காரின் அருகிலேயே சிற்றுண்டி வரும். எங்களைப் போன்று கால்நடையாக வந்தவர்கள் உள்ளே அமர்வோம். ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கவிதை பேசியதுண்டு. "எழுந்திருங்கள்" என்று எவரும் சொன்னதில்லை. திரைக்கதைகளும் திருமணப் பேச்சுகளும் வணிக ஒப்பந்தங்களும் அங்கே உருவாயின. 2008-இல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா அழகானதுதான். ஆயினும் ஒரு காபியின் விலைக்கு ஒரு மாலைப்பொழுதை வாடகைக்குத் தந்த இடம் போய்விட்டதே என்னும் ஏக்கம் எங்களுக்குத் தீரவில்லை.

2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓர் இட்டலி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் எனத் தொடங்கின. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். இலவசம் என்றால் கை ஏந்த வேண்டும். ஒரு ரூபாய் கொடுத்தாலோ நிமிர்ந்து கேட்கலாம். சுமை தூக்குபவர் "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றம்மா" என்று உரிமையோடு கேட்பதை அங்கே கேட்டிருக்கிறேன். என் விருப்பப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு.

ஆனால் இன்று ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். விரைவு உணவகங்களில் நின்றபடியே உண்கிறோம். அல்லது கைப்பேசியில் விரல் வைத்தால் உணவு வீட்டு வாசலுக்கு வருகிறது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பெரும் உதவி. அதை நான் குறை கூறவில்லை. ஆயினும் பொட்டலத்தில் சாம்பார் வரும். எதிர் நாற்காலிக்காரர் வரமாட்டார். யார் சமைத்தார், அருகில் யார் உண்டார் என்று அறியாமலே உண்டு முடிக்கிறோம். அத்தனை பாடுபட்டுத் திறந்த ஒரு கதவு, எவரும் சாத்தாமலே மெல்லச் சாத்திக்கொள்கிறதோ என அஞ்சுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. நாம் அமர்ந்து உண்ண, நாளெல்லாம் நின்றவர் பரிமாறியவர். கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிவோர் அமர இருக்கை தரப்பட வேண்டும் எனத் தமிழ்நாடு 2021-இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் உள்ளம் ஒவ்வொரு உணவகத்தின் சமையற்கட்டு வரையிலும் செல்ல வேண்டும். மேசைக்கு இப்பால் அமர்பவரின் உரிமை 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அப்பால் நிற்பவரின் உரிமையை நினைவூட்டும் கடமை நமக்கு இருக்கிறது.

எனவே இவ்வட்டத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் ஆண்டில் ஒரு மாதக் கூட்டத்தையேனும் அரங்கத்தில் நடத்தாமல் ஒரு சாதாரணச் சிற்றுண்டிச் சாலையில் நடத்துங்கள். அடுத்த மேசையில் இருப்பவர் நம் கவிதையைக் கேட்டு முகம் சுளிக்கட்டும், அல்லது நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வரட்டும். பரிமாறுபவரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். காபிக்கான தொகையை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்; வடைக்குச் செயலாளர் பொறுப்பு.