நாகை காண வருவோர்க்கு

 

நாகப்பட்டினம் வரும் நம்மவர் காயாரோகணரையும் நீலாயதாட்சியம்மையையும் தொழுது, கடலாடி மீள்கின்றனர். வடக்கே நாகூர்த் தர்காவும் தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயிலும் அவர்கள் கண்டனவே. காணவியலாத ஒன்றையே யாம் ஈண்டு அறிமுகஞ் செய்கின்றோம்.

கடாரத்தரசன் இந்நகரில் எடுத்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, சிவபத்தனாகிய முதல் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை ஈந்தான். பிற சமயத்தைப் பேணிய பெருந்தகைமை அஃது. எஞ்சி நின்ற கோபுரமோ 1867-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் இசைவுடனேயே இடிக்கப்பட்டது. இங்கே மண்ணிற் கிடைத்த புத்தர் படிமங்கள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற் காணலாம்.

அன்பர்களே! இடித்தது கடலன்று; மக்கள் கையே. நம் ஊர்க்கோயில்களில் திருப்பணி நிகழுங்கால், எழுத்துள்ள கல்லொன்றும் உடைபடாது காத்தல் நம் கடன். நாகையைக் கண்டு மீள்வோர் இவ்வொன்றை மனத்திற் கொண்டு மீள்க.