கடைக்கு வந்த துப்பாக்கியும் கைக்கு வாராத துப்பாக்கியும்



திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சூழ்ந்த நிலம் வெடிமருந்தின் மணத்தை நெடுங்காலமாக அறிந்தது. மேற்கே செஞ்சியின் இராசகிரி உச்சியில் இன்றும் ஒரு பீரங்கி கிடக்கிறது. வடக்கே வந்தவாசி, 1760 சனவரி 22ஆம் நாள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய களம். கிழக்கே புதுச்சேரி. 'விழுப்புரம்' என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் அதனுள் ஒரு வில்லை நுழைத்துவிட்டனர். தமிழில் எழுதினால் அந்த வில் மறைந்து, 'விழுமிய' என்பதன் விழு தோன்றுகிறது.

படைக்கலச் சொற்களும் வந்தேறிய வரலாறு உடையன. பீரங்கி, பரங்கியர் பெயராலே வந்தது. துப்பாக்கி, துருக்கிய மூலம் உடையது. உருது வழியாகத் தமிழில் குடியேறியது. வலிமையைக் குறிக்கும் 'துப்பு' என்ற பழஞ்சொல் அதனுள் ஒலிப்பது செவிக்கு இனிமையே அன்றி வேர் அன்று. சொல் தமிழாயிற்று, பொருளோ மக்கள் கைக்கு எளிதில் வரவில்லை. அதுவே இங்குப் பேசப்பட வேண்டியது.

இவ்வூர்க் கல்லூரி மாணவருள் என்.சி.சி.யில் சேர்ந்தவர் பலர் ஒரு துப்பாக்கியைத் தோளில் சுமந்திருப்பர். நான்கு கிலோ அளவு எடை. எண்ணெய் ஏறிக் கறுத்த மரக்கட்டை. சுட இயலாதவாறு செய்து, பயிற்சிக்கு மட்டும் என்பதற்கு அடையாளமாக 'டி.பி.' என்னும் எழுத்துகள். காவலர் 'த்ரீ நாட் த்ரீ' என்று அழைத்த லீ-என்ஃபீல்டு அது. வெயிலில் அணிவகுத்து நின்ற மாணவனுக்கு அது தோள்வலி. கடலுக்கு அப்பால் அதே துப்பாக்கி ஒருவரது வரவேற்பறைச் சுவரில் தொங்கும் அரும்பொருள்.

அவ்வாறு ஆனது எவ்வாறு? இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஐரோப்பிய அரசுகளிடம் இலட்சக்கணக்கான பழைய துப்பாக்கிகள் தேங்கின. அமெரிக்க வணிகர்கள் அவற்றை மலிவாக வாங்கிக் கப்பலேற்றினர். சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட் போன்ற பெருங்கடைகளில் சட்டை, சமையற் பாத்திரம் இவற்றோடு போர்த்துப்பாக்கியும் விற்பனைக்கு நின்றது. அஞ்சலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வந்து சேரும். மான் வேட்டைக்கு வாங்கியோர் கட்டையை அறுத்துச் சிறிதாக்கினர். மற்றுஞ்சிலர் அறுக்காமல் அப்படியே வைத்துப் பொறிப்புகளைப் படிக்கலாயினர். பழம்பொருள் தொகுப்போர் இவர்களே.

இவ்வணிகத்தின் மறுபக்கம் கொடியது. 1963 மார்ச்சில் சிகாகோவின் க்ளைன்ஸ் கடைக்கு ஒருவன் பொய்ப்பெயரில் எழுதி, தொலைநோக்கி பொருத்திய இத்தாலியப் படைத்துப்பாக்கி ஒன்றை 19 டாலர் 95 சென்ட்டுக்கு வரவழைத்தான். அவ்வாண்டு நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி அதனால் சுடப்பட்டார். 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. படைக்கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கும் தடை வந்தது. 1980களில் பழம்பொருள் என்ற வகையில் தடை தளர்ந்தபோது இந்தியத் துப்பாக்கிகளும் அங்குக் கரையேறின.

அவை வங்காளத்து இச்சாப்பூரில் பிறந்தவை. அத்தொகுப்பாளர் அவற்றைப் படிக்கும் முறை புலவர் ஓலைச்சுவடி படிக்கும் முறைக்குத் தாழ்ந்ததன்று. விடுதலைக்கு முந்தியதாயின் முடியும் பேரரசன் பெயரெழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பிந்தியதாயின் அசோகரின் சிங்கங்கள். முன்கட்டையைச் சுற்றிச் செம்புக்கம்பி கட்டியிருந்தால், கையெறி குண்டு ஏவும்போது மரம் பிளவாதிருக்கச் செய்த ஏற்பாடு. 1962 சீனப்போருக்குப் பின் புதிய தோட்டாவுக்கேற்ப உருவாக்கிய வகையில் பெட்டி பன்னிரண்டு தோட்டா கொள்ளும். இறக்குமதி செய்த வணிகனும் சட்டப்படித் தன் பெயரைப் பொறித்தாக வேண்டும். ஆக, ஒரே இரும்பின்மேல் அரசு எழுதிய எழுத்தும் வணிகன் எழுதிய எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அத்தொகுப்புகளில் '410 மஸ்கட்' என்றொரு வகை உண்டு. பார்வைக்கு 303 போன்றதே. ஆயின் குழலின் உட்புறம் அகலமாக்கி வழுவழுப்பாக்கப்பட்டது. தோட்டாப் பெட்டி இருந்த இடம் மரத்தால் அடைக்கப்பட்டது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா. காவலர்க்கும் சிறைக்காவலர்க்கும் உரியதாக வெள்ளையர் ஆட்சியில் செய்யப்பட்டது. தன் ஏவலாள் கையில் முழு வலிமையுள்ள கருவியைக் கொடுக்க ஆட்சி அஞ்சியது. 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியையே அளித்த கொள்கையின் தொடர்ச்சி இது. அச்சத்தை இத்துணைத் தெளிவாக எழுதிய ஆவணம் காகிதத்தில் கிடைப்பது அரிது.

சிப்பாய்க்கே அவ்வாறெனில் குடிமகனுக்கு? லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியர்க்கு உரிமம் வேண்டுமென்றது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் புகழ்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் உண்டு. அவற்றை வாங்கியோர் துரைமாரும் பெருஞ்செல்வரும் ஆவர். விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிறவேற்றுமையை நீக்கியது, உரிமத்தை நீக்கவில்லை. 303 சாதாரண உரிமத்தில் வாங்க இயலாத வகையில் சேர்ந்தது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு மட்டும் சட்டம் விலக்களிக்கிறது.

கென்னடியின் கதையை எண்ணினால் இக்கட்டுப்பாடு குறை அன்று. குறை வேறிடத்தில். கருவியைக் கட்டுப்படுத்திய நாடு அதன் எழுத்துகளைப் படித்து வைக்கவும் மறந்தது. இது புதிதன்று. 1860களில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் சென்னைக்கு வந்தபோது சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. எஞ்சியவை உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. 303க்கும் அவ்விதி அண்மையில் வந்தது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடைகொடுத்தது.

இச்சாப்பூர்த் துப்பாக்கியின் கதையை ஆங்கிலத்தில் எழுதியோர் பலர். அவர்கள் திருகாணி முதல் பின்கட்டை வரை அறிவர். அதைச் சுமந்தவனை அறியார். சுமந்தவர் இம்மாவட்டத்தில் இருக்கின்றனர். கருவூல வாயிலில் இரவெல்லாம் நின்ற ஓய்வுபெற்ற காவலர் மயிலத்தில் இருக்கலாம், விக்கிரவாண்டியில் இருக்கலாம். தன் துப்பாக்கியின் எண்ணை அவர் இன்னும் மனப்பாடமாகச் சொல்லக்கூடும். சுவடி தேடிச் சிற்றூர்கள்தோறும் நடந்தவர் வழியில் வந்த வட்டத்தார்க்கு அம்முதியவர் வீட்டுத் திண்ணை தொலைவன்று.