சுவரில் இருந்த நம்பர்

போன வாரம் நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: "வாட்ஸ்அப் இருக்கும்போது கடைக்காரங்க எதுக்குங்க இன்னும் காலண்டர் அடிச்சுக் கொடுக்கணும்?" நானும் ஒரு வருஷம் இதே கேள்வியைக் கேட்டவன்தான். பதில் கிடைத்த கதையை இன்னிக்குச் சொல்றேன்.

எங்களுடையது சின்ன மருந்துக்கடை. அப்பா காலத்திலிருந்தே சிவகாசியில் தினசரி காலண்டர் அடிப்போம். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வரும். முருகனா, பிள்ளையாரா, இயற்கைக் காட்சியா என்று அப்பா அரை நாள் யோசிப்பார். நான் பொறுப்புக்கு வந்ததும் முதலில் வெட்டியது அந்தச் செலவைத்தான். அதற்குப் பதில் கடைக்கு ஒரு புது செல் நம்பர், வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட். வாழ்த்து, தள்ளுபடி எல்லாம் அதில்தான். காசே செலவில்லை. பெருமையா இருந்துச்சு.

ரெண்டு விஷயம் அப்போ எனக்குத் தெரியல. ஒண்ணு, ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். இன்னொண்ணு, நம்ம நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். அவங்க நம்பர் நம்மகிட்ட இருந்தால் மட்டும் போதாது. புது நம்பரை எத்தனை பேர் சேமிச்சிருப்பாங்க, சொல்லுங்க?

பிப்ரவரி கடைசியில் ஒரு அம்மா தலைவலி மாத்திரை வாங்க வந்தாங்க. வீட்டுக்காரருக்கு இன்சுலின் எங்ககிட்டதான் வாங்கிட்டிருந்தாங்க. ரெண்டு மாசமா ஆளைக் காணோம். ஏம்மான்னு கேட்டேன். "இந்த வருஷம் உங்க காலண்டர் இல்லையே தம்பி, நம்பர் தெரியல. பக்கத்துத் தெருக் கடை காலண்டர்தான் மாட்டியிருக்கோம். போன் பண்ணா வீட்டுக்கே கொண்டாந்து கொடுத்துடுறாங்க" என்றார்.

கோபமா சொல்லல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

ராகு காலம், நல்ல நேரம் பார்க்க வீட்டில் யாராவது ஒருத்தர் தினமும் அந்தச் சுவரைப் பார்ப்பாங்க. கிழித்த தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதுவாங்க. 365 நாளும் அதற்கு மேலே நம்ம பேரும் நம்பரும் இருக்கும். நான் அனுப்பிய வாழ்த்துப் படமோ, பார்த்தவங்க போனிலேயே சாயங்காலத்துக்குள் எங்கேயோ கீழே போயிருக்கும்.

அதுக்காக வாட்ஸ்அப் வேண்டாம்னு சொல்லல. அச்சடிச்சது மாறாது. நடுவில் கடை நேரத்தை மாத்தினால், வீடு வீடாப் போய் அட்டையைத் திருத்தவா முடியும்? "உங்க மருந்து வந்துடுச்சு" என்று ஒருத்தருக்கு மட்டும் உடனே சொல்லவும் போன்தான் சரி.

இப்போ என் கணக்கு இதுதான்: வருஷம் முழுக்க மாறாதது காகிதத்தில், இன்னிக்கு மட்டும் செல்லுபடியாவது போனில். காலண்டர் அட்டையில் கியூஆர் கோடு போட்டிருக்கோம். ஸ்கேன் பண்ணினால் எங்க வாட்ஸ்அப் திறக்கும். காலண்டர் கொடுக்கும்போதே கடைப் பையன் நம்பரையும் சேவ் பண்ணிக் கொடுத்துடுறான்.

நீங்களும் ஒரு செலவை வெட்டுறதுக்கு முன்னாடி பத்து வாடிக்கையாளர்களிடம் கேளுங்க: "அவசரத்துக்கு எங்க நம்பரை எங்கே தேடுவீங்க?"

அந்த அம்மாவா? இந்த வருஷம் காலண்டர் வாங்கிட்டுப் போனாங்க. இன்சுலின் மட்டும் இன்னும் அந்தக் கடையிலதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.