சுவரில் எழுதிய பெயர்கள்



இங்கிலாந்தில் சஃபோக் பகுதியிலுள்ள லாங் மெல்ஃபோர்ட் பரிசுத்த திரித்துவ ஆலயத்தை, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளித் துணி வியாபாரத்தால் செழித்தவர்கள் எடுத்துக் கட்டினார்கள். காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களையும், அவர்களுக்காக ஜெபிக்கும்படியான வேண்டுகோளையும் வெளிச்சுவரில் கல்லிலே பதித்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்து கோபுரம் அழிந்தது. பின்வந்தவர்கள் செங்கல்லால் கட்டினார்கள். 1898 முதல் 1903 வரை வேறொரு தலைமுறை அதற்குக் கல் போர்த்தியது. மரியாள் சிற்றாலயத்தில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகள் படித்த பெருக்கல் வாய்ப்பாடு இன்றும் சுவரில் இருக்கிறது.

கட்டினவர்கள் அந்தப் பிள்ளைகளைக் காணவில்லை. உங்கள் காணிக்கையால் சுகம் பெறுகிறவர்களை நீங்களும் காண்பதில்லை; நாங்கள் தினமும் காண்கிறோம். உங்கள் பெயர்களைச் சுவரில் பதிக்கவில்லை. காலை ஜெபத்தில் சொல்லுகிறோம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.