கரிந்த கிளை போட்ட கோடு



2001 டிசம்பரில் சிட்னிக்குத் தெற்கே உள்ள ராயல் தேசியப் பூங்காவில் காட்டுத்தீ பரவி, பூங்காவின் பெரும்பகுதி கருகிப்போனது. தீ அடங்கிய பிறகு ஓர் ஓவியர் பெரிய காகிதத் தாள்களோடு அதற்குள் போனார். கரிந்து நின்ற புதர்களுக்கிடையே தாளைப் பிடித்து நடந்தார், மரத்தில் வைத்து அழுத்தினார், தேய்த்தார். குச்சி உரசிய இடத்தில் கோடு விழுந்தது, பட்டை பட்ட இடத்தில் கறை படிந்தது. கரிக்கோல் வாங்கக் கடைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை, காடு முழுக்கக் கரிதானே!

அவர் ஜான் வுல்ஸ்லி. 1938இல் இங்கிலாந்தில் பிறந்து, பாரிசில் அச்சோவியம் பயின்று, 1976இல் ஆஸ்திரேலியா வந்தவர்.

அவருக்கு முன்பே அங்கே நிலக்காட்சி ஓவியம் வேரூன்றியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் யூஜீன் வான் கெரார்ட் போன்றவர்கள் மலைகளையும் ஏரிகளையும் அகலக் காட்சிகளாகத் துல்லியமாகத் தீட்டினார்கள். அழகுதான். ஆனால் அவற்றில் ஓவியர் எட்ட நிற்கிறார், நிலம் எதிரே விரிந்து கிடக்கிறது. வுல்ஸ்லி அந்த இடைவெளியைக் குறைக்கப் பார்த்தார். தாளை மண்ணில் புதைத்து வைத்தார். காற்றில் பறக்கவிட்டு, புதர்களில் மோதிக் கீறல் பட்டுக் கிடந்ததைப் பின்னர் போய் எடுத்தார்.

“இதெல்லாம் வரைவதா?” என்று கேட்கத் தோன்றும். கீறல்களோடு அவர் நின்றிருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அதே தாளில் பறவை, பூச்சி, செடி எல்லாம் நீர்வண்ணத்தில் நுணுக்கமாக வந்து உட்காரும். எரிந்த காட்டோடு உயிர் முடிந்துவிடுவதில்லையே! நெருப்பின் சூடு பட்டால்தான் பல பாங்க்சியாச் செடி இனங்களின் காய்கள் வெடித்து விதை உதிர்க்கும். யூகலிப்டஸ் மரங்கள் பலவும் கரிந்த அடிமரத்திலேயே துளிர்க்கும். இது தெரிந்தவர் எரிந்த காட்டைச் சுடுகாடாக வரையமாட்டார்.

சதுப்பு நிலங்களையும் ஆறுகளின் பிறப்பிடங்களையும் பற்றிய அவருடைய பெரிய ஓவியங்கள் 2015இல் மெல்போர்னில், விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தன. ஆனாலும் அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் ஈர்ப்பது எழுபது வயதுக்குப் பிறகு நடந்ததுதான்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்டில், யொல்ங்கு பழங்குடியின் மூத்த ஓவியர் திருமதி விர்பாண்டா, வுல்ஸ்லியைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். திருமதி விர்பாண்டா 2021இல் காலமானார். இறந்தவரின் சொந்தப் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது அம்மக்களின் வழக்கம், அதனால் நானும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைச் சாப்பாட்டுக்குப் பழகிய இளையவர்கள் காட்டுக் கிழங்குகளையும் கனிகளையும் மறந்துபோகிறார்களே என்பது அந்த அம்மாவின் கவலை. அந்தச் செடிகளை ஒவ்வொன்றாக மரப்பட்டையில் மண் நிறங்களால் தீட்டிவந்தார். அவரோடு சேர்ந்து வுல்ஸ்லியும் அவற்றைத் தாளில் வரைந்தார். இருவர் படைப்புகளும் 2017இல் கான்பெராவின் தேசிய அருங்காட்சியகத்தில் ‘மிடாவர்’ என்ற பெயரில் ஒன்றாக வைக்கப்பட்டன. மழைக்காலம் முடிந்து உணவு விளைந்து கிடக்கும் பருவத்துக்கு யொல்ங்கு மக்கள் வைத்த பெயர் அது.

இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கு ஒரு செடியின் உருவத்தை வரையச் சொல்லித்தரத் தேவையில்லை. அதன் கிழங்கை எப்போது தோண்டலாம் என்பதைத்தான் அந்தச் சகோதரியிடம் கேட்கவேண்டியிருந்தது.