எஞ்சினுக்கு ஒரு துருத்தி



நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் கொல்லர் உலை ஒன்று இருந்தது. அறுப்புக்கு முன்னர் அரிவாளைக் காய்ச்சி அடிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வேளையில், துருத்தி இழுக்கும் பணி என் போன்ற பையன்களுக்குக் கிடைக்கும். கரியும் அதே கரி. உலையும் அதே உலை. மெல்ல இழுத்தால் கங்கு சிவக்கும்; வலித்து இழுத்தால் வெண்மையாக ஒளிரும். காற்று மிகுந்தால் தீயின் ஆற்றல் மிகும் என்பதைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே என் தோள்கள் கற்றுக்கொண்டன. ஒருநாள் அளவு மீறி இழுத்து, அரிவாளின் நுனியைத் தீய்த்துவிட்டேன். கொல்லர் ஏசவில்லை, துருத்திக் கயிற்றை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அண்மையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தபோது அந்த நினைவு எழுந்தது. அவன் கடன் பெற்று, நாம் 'குட்டியானை' என்று அழைக்கிறோமே, அத்தகைய சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். பெட்ரோலில் ஓடுவது, வாங்கி ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது. விடியுமுன் தோவாளைச் சந்தையில் பூ ஏற்றித் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்குக் கொண்டு செல்வான். மற்ற நாட்களில் ஏத்தன் குலை ஏற்றுவான். பூ வாடினால் விலையும் வாடிவிடும் அன்றோ!

"சார், ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு சூப்பர்சார்ஜர் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். வைத்துத் தர ஆள் இருக்கிறது" என்றான்.

"வேண்டாம்" என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. ஆயினும் அதை அடக்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. இவன் பத்தாம் வகுப்பில் படித்தபோது, ஆய்வுக்கூடத்திலிருந்த மின்மோட்டார் ஒன்றைக் கேளாமலே கழற்றிப் பரப்பிவிட்டான். நான் கடுமையாகக் கண்டித்தேன். அதன் பிறகு அவன் அந்த அறைப்பக்கம் வரவேயில்லை. ஒரு மோட்டாரைக் காப்பாற்றினேன். ஒரு மாணவனை இழந்தேன். ஆகவே இம்முறை, "உட்கார், மக்களே, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்று தாளும் பென்சிலும் எடுத்தேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 9000 லிட்டர் காற்று வேண்டும். நிறையில் சொன்னால், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தமே காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதற்குமேல் பெட்ரோலை மட்டும் கூட்டிப் பயனில்லை. எரியாமல் புகையாகிப் போகும். எஞ்சினைப் பெரிதாக்காமல் ஆற்றலைக் கூட்ட வேண்டுமாயின் காற்றை அமுக்கித் திணிக்க வேண்டும். எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து பட்டை வழியாக இயங்கி இதைச் செய்யும் துருத்தியே சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலுமாயின் அது டர்போசார்ஜர். இன்றைய டீசல் வண்டிகள் பலவற்றில் டர்போசார்ஜர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது.

"ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நெருக்குண்டு வருவது போலவா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி, ஆனால் உவமை சற்றுப் பிழை. கணவாயில் காற்றின் விரைவு மிகுகிறது. சூப்பர்சார்ஜரில் காற்றின் அடர்த்தி மிகுகிறது.

இக்கருவியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் ஒரு காற்றூதிக்கு உரிமம் பெற்றனர். அது ஊதியது இரும்பு உலைகளுக்கே. உண்மையாகவே கொல்லர் துருத்திதான்! எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் முறைக்கு ஜெர்மனியில் காட்லீப் டெய்ம்லர் 1885-இல் உரிமம் பெற்றார். 1921-இல் மெர்சிடிஸ் நிறுவனம் அத்தகைய கார்களைக் காட்சிக்கு வைத்தது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிவதால், இதன் தேவையை மிகுதியாக உணர்ந்தவர்கள் விமானப் பொறியாளர்கள். 1918-இல் சான்ஃபர்டு மாஸ் என்பவர், விமான எஞ்சின் ஒன்றை 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு வண்டியில் ஏற்றிச் சென்று டர்போசார்ஜருடன் இயக்கினார். தரைமட்டத்தில் தரும் ஆற்றலை அங்கும் அது தந்தது.

மற்றொரு கதையையும் அவனுக்குச் சொன்னேன். இங்கிலாந்தில் பென்ட்லி கார்களை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்குச் சூப்பர்சார்ஜர் பிடிக்காது. எஞ்சினைப் பெரிதாக்குவதே முறை என்பார். டிம் பர்க்கின் என்ற பந்தய வீரரோ பிடிவாதமாக நாலரை லிட்டர் காரில் அதைப் பொருத்தினார். 1930-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அக்கார்கள் பாய்ந்து ஓடின. ஆனால் முடிவு வரை நிற்கவில்லை. முதலிரண்டு இடங்களைப் பெற்றவை, துருத்தி இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லிகள்.

"அப்படியானால் அது ஆகாத பொருளா?" என்றான். இல்லை. அதற்கெனவே அமைத்த எஞ்சினில் அது அருமையான பொருள். அமுக்கிய காற்று சூடேறும். அதைக் குளிர்விக்க வேண்டும். குளிர்விக்காவிடில், பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். அவனுடைய வண்டியில் பெட்ரோலை அளந்து விடுவது சிறு கணிப்பொறி. அது அறிந்த அளவுக்கு மேல் காற்றுப் புகுந்தால், அதற்கேற்ற பெட்ரோலை அது விடாமற் போகலாம். அப்போது பிஸ்டனின் தலை உருகும். என் அரிவாளின் கதை!

இவையன்றிச் சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. தயாரிப்பாளர் தந்த உத்தரவாதமும் போய்விடும்; விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் வழக்கு வரும். கடனோ நான்கு ஆண்டு நிலுவையில் இருந்தது.

இருப்பினும் தாளில் போட்ட கணக்கு எனக்கே நிறைவு தரவில்லை. ஒருநாள் அதிகாலை அவனுடன் வண்டியில் ஏறினேன். மல்லிகை மூட்டைகளின் மணத்தோடு தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று சென்றோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தேன். ஏற்றங்களில் நாங்கள் இழந்தது மொத்தம் ஆறு நிமிடம்; நெரிசலில் நின்றது நாற்பத்தொரு நிமிடம். எந்தத் துருத்தி முன்னால் நிற்கும் பேருந்தை ஊதித் தள்ளும்? திரும்பியதும் காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தோம், செம்மண் அப்பியிருந்தது. டயர்களிலும் காற்றுக் குறைவு. இரண்டையும் சரிசெய்த பின், மூச்சு முட்டல் முழுவதும் போகாவிட்டாலும் பெரிதும் குறைந்தது. அரை மணி முன்னதாகப் புறப்படத் தொடங்கினான். அதில் அவன் மனைவிக்கு வருத்தமே.

ஆனால் அவன் ஆசை அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நானும் விரும்பவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடைக்கு வாங்கி, வீட்டின் பின்புறக் கொட்டகையில் இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, காற்றூதி ஒன்றைப் பட்டையால் இணைத்தான். முதல் நாள் பட்டை கழன்றது. இரண்டாம் நாள் எஞ்சின் நன்றாக உறுமி, எங்கள் இருவர் முகமும் மலர்ந்த வேளையில், சிலிண்டர் தலைக்கு அடியிலிருந்த கேஸ்கட் கிழிந்து, வெந்நீர் பீறிட்டது. நான் ஏசவில்லை. இப்போது அவன் அமுக்க விகிதத்தைக் குறைக்க வழி கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை தாளும் பென்சிலும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.